யோசமிட்டில டென்ட் போட்டுத் தங்கப் போறீங்களா? முதல் தடவை போறவங்களுக்கு

சம்மர் லீவுக்கு கலிபோர்னியாவுல இருக்கற யோசமிட்டி நேஷனல் பார்க்ல கேம்பிங்னு முடிவு பண்ணதும் எல்லாரும் முதல்ல உக்காந்து டென்ட் தேடுவாங்க. டென்ட்டெல்லாம் கடைசி வாரம் வாங்கிக்கலாம், இல்ல தெரிஞ்சவங்ககிட்ட இரவல் கேட்டுக்கலாம். இடம் கிடைக்குதா, சாப்பாட்டை எங்க வைக்கறது, இந்த ரெண்டும் சரியா இருந்தா மத்ததெல்லாம் தானா நடந்துடும்.

ஸ்டெப் 1: எந்த மாசம், எந்த உயரம்

யோசமிட்டி வேலிங்கற பள்ளத்தாக்கு 4000 அடி உயரம், டுவாலமி மெடோஸ்ங்கற மலைப் புல்வெளி 8600 அடி. ஒரே பார்க்தான், ஆனா ஜூலைல வேலில பகல்ல வேர்த்துக் கொட்டும், அன்னிக்கு ராத்திரியே டுவாலமில ஸ்வெட்டர் மேல ஜாக்கெட் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பீங்க. அருவி பாக்கணும்னா மே, ஜூன். 2425 அடி யோசமிட்டி ஃபால்ஸ் ஆகஸ்ட் வந்தா பெரும்பாலும் வத்திடும், சீசன் முடிஞ்சு குத்தாலத்துக்குப் போன கதைதான். உசரத்துல இருக்கற ஏரி, புல்வெளின்னு நடக்கணும்னா ஜூலை கடைசிக்கு மேல போங்க. ஏன்னா டுவாலமிக்குப் போற டியோகா ரோட்டை பனி அள்ளிட்டுத்தான் திறப்பாங்க, சாதாரணமா மே கடைசியோ ஜூனோ ஆகும், 2023ல ஜூலை 22தான் திறந்தாங்க. ஜூலை ஆரம்பத்துல அங்க கொசு வேற பிச்சு எடுக்கும்.

ஸ்டெப் 2: இடம் பிடிக்கறது

வேலிக்குள்ள அப்பர் பைன்ஸ், லோயர் பைன்ஸ், நார்த் பைன்ஸ்னு மூணு கேம்ப்கிரவுண்ட் இருக்கு. முதல் தடவைன்னா அப்பர் பைன்ஸ் போதும், அதுல தான் சைட் (டென்ட் போடற இடம்) நிறைய. ரெக்ரியேஷன் டாட் கவ் (recreation.gov) தளத்துல அஞ்சு மாசம் வரைக்கும் முன்கூட்டியே, ஒவ்வொரு மாசமும் 15ம் தேதி காலைல பசிபிக் நேரம் 7 மணிக்கு ஒரு மாசத்துக்கான இடத்தை மொத்தமா திறந்து விடுவாங்க. சம்மர் தேதியெல்லாம் நிமிஷக் கணக்குல காலி. 6:50க்கே லாகின் பண்ணி, கார்டு விவரம் சேவ் பண்ணி, ரெண்டு மூணு சைட் நம்பரைக் குறிச்சு வச்சுக்கோங்க, ஏழு மணிக்கு மேல மேப்பைத் திறந்து ஆத்தங்கரைல எது இருக்குன்னு ஆராய்ச்சி பண்ணா கதை முடிஞ்சது. ஒரு சைட்டுக்கு ஆறு பேர்தான், குழந்தைகளையும் சேத்து. அதனால ரெண்டு குடும்பம் போறீங்கன்னா ரெண்டு வீட்டுலயும் ஆளுக்கொரு லேப்டாப்.

கிடைக்கலையா, விட்டுடாதீங்க. வர்ற நாளுக்கு முந்தின நாள் கேன்சல் பண்ணா முதல் ராத்திரி காசும் போயிடும்ங்கறதால நிறைய பேர் அதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே கேன்சல் பண்ணிடுவாங்க, அந்த நேரத்துல அடிக்கடி எட்டிப் பாருங்க. அதே தளத்துல அலர்ட்டும் வச்சுக்கலாம். காசு வாங்கிட்டு அலர்ட் அனுப்பற ஆப்பெல்லாம் எனக்குத் தேவையாப் படல.

(அப்டேட்: உள்ள போக கார் ரிசர்வேஷன் வேணுமான்னு பலர் கேட்டிருக்கீங்க. அது வருஷத்துக்கு வருஷம் மாறுது, 2023ல இல்ல, 2024ல இருந்துச்சு. போற வருஷம் பார்க் தளத்துல பாத்துக்கோங்க. இன்னொன்னு, ஊர்லேருந்து அப்பா அம்மா வந்திருந்தா கவனிங்க, 2026லேருந்து அமெரிக்காவுல வசிக்காதவங்களுக்கு, 16 வயசோ அதுக்கு மேலயோ இருந்தா, ஆளுக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம்.)

ஸ்டெப் 3: கரடிப் பெட்டி

இங்கதான் நம்மாளுங்க எல்லாரும் மாட்டறாங்க. இருக்கறது கருங்கரடிதான், ஆள் மேல பாயற ரகம் இல்ல, ஆனா மூக்கு பயங்கரம். கார் கதவை வளைச்சுப் பிரிச்சிடும். அதனால ஒவ்வொரு சைட்லயும் ஒரு இரும்பு லாக்கர் வச்சிருக்காங்க. அளவு 33 இஞ்ச் ஆழம், 45 அகலம், 18 உயரம். அந்தக் கடைசி நம்பரை எழுதி வச்சுக்கோங்க. உங்க ஐஸ்பெட்டி 18 இஞ்சுக்கு மேல உயரம்னா உள்ள போகாது, படுக்க வச்சா தண்ணி ஒழுகும். வீட்டுல டேப் வச்சு சக்கரம், கைப்பிடி எல்லாம் சேத்து அளந்துட்டுக் கிளம்புங்க. காஸ்ட்கோல பாத்த பெரிய பெட்டிதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்காதீங்க, சின்னதா ரெண்டு எடுத்துட்டுப் போறதே மேல்.

சாப்பாடுன்னா சாப்பாடு மட்டும் இல்ல, வாசனை வர்ற எல்லாமே. டூத்பேஸ்ட், சோப்பு, சன்ஸ்கிரீன், பேபி வைப்ஸ். நம்ம லிஸ்ட்டு இன்னும் நீளம்: தேங்கா எண்ணெய், அமிர்தாஞ்சன், வாசனை விபூதி, பாட்டி ஹேண்ட்பேக்ல இருக்கற ஏலக்கா மிட்டாய், பசங்க தலகாணிக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கற முறுக்கு. எல்லாத்தையும் ஒரே பைல போட்டு லாக்கர்ல வச்சிடுங்க, கொக்கி மாட்டியிருக்கான்னு ஒரு தடவை இழுத்துப் பாருங்க. சமைக்கும்போது மட்டும் வெளிய, மத்த நேரம் பகலோ ராத்திரியோ உள்ளதான். ரேஞ்சர் டார்ச் அடிச்சுக்கிட்டு வருவாங்க, அபராதம் 5000 டாலர் வரைக்கும் போகும். ஒரு தடவை பக்கத்து சைட்ல புளியோதரை டப்பாவை டேபிள்லயே விட்டுட்டு எல்லாரும் பாத்ரூம் போயிட்டாங்க, கரடி வர்றதுக்கு முன்னாடி அணிலே பாதியை முடிச்சிருச்சு.

ஸ்டெப் 4: அடுப்பு

இந்தியன் கடை, கொரியன் கடைல கிடைக்கற ஒத்த பர்னர் பியூட்டேன் அடுப்பு வேலிக்கு சரி, டுவாலமி குளிர்ல விடியக்காலைல காபிக்குத் தண்ணி வைக்கறதுக்குள்ள அழ வச்சிடும். பியூட்டேன் பூஜ்யம் டிகிரி கிட்ட வந்தாலே ஆவியாகாது. கோல்மேன் ரெண்டு பர்னர், புரொப்பேன் சிலிண்டர், அதுதான் என் ஓட்டு.

கூடவே ஒரு சின்ன பிரஷர் குக்கர். சிரிக்காதீங்க. 8600 அடில தண்ணி சுமார் 91 டிகிரி செல்சியஸ்லயே கொதிச்சிடும், பாத்திரத்துல அரிசி வச்சா கொதிச்சுக்கிட்டே இருக்கும், வேகாது. பருப்பைப் பத்திப் பேசவே வேணாம். குக்கர் தூக்க முடியாதுன்னா சேமியா, அவல், சப்பாத்தி, தொக்கு.

விறகு ஊர்லேருந்து கொண்டு போகாதீங்க, பூச்சி கூடவே வரும். மே முதல் செப்டம்பர் வரைக்கும் வேலில சாயங்காலம் 5லேருந்து 10 வரைக்கும்தான் நெருப்பு மூட்டலாம்.

ஸ்டெப் 5: நடை

முதல் நாளே ஹாஃப் டோம்ங்கற பெரிய பாறை உச்சிக்குன்னு கிளம்பாதீங்க. அது போக வர 14லேருந்து 16 மைல், பர்மிட் லாட்டரி வேற. மிஸ்ட் டிரெயில்ல வெர்னல் ஃபால் உச்சி வரைக்கும் போங்க, போக வர 2.4 மைல், ஏத்தம் 1000 அடி. கடைசில 600க்கு மேல கல் படி, ஜூன்ல சாரல் அடிச்சு முழுசா நனைவீங்க, ஷூவுக்கு அடில நல்ல கிரிப் இருக்கணும், கிராக்ஸ் வேணாம். இறங்கும்போது அதே ஈரப்படில எதிர்க்கூட்டத்தோட மல்லுக்கட்டாம, கிளார்க் பாயிண்ட் ஏறி ஜான் மியூர் டிரெயில் வழியா வாங்க, கொஞ்சம் சுத்து, ஆனா முட்டி தப்பிக்கும். அருவிக்கு மேல இருக்கற எமரால்டு பூல் அமைதியா, குளிக்கலாம் போலத் தெரியும். இறங்கவே இறங்காதீங்க, அங்கேருந்து வழுக்கினா நேரா 317 அடி கீழ.

டுவாலமி பக்கம் நடந்தா விடியக்காலைல கிளம்பி மத்தியானத்துக்குள்ள மொட்டைப்பாறைலேருந்து இறங்கிடுங்க, சம்மர்ல மூணு மணி வாக்குல இடி மின்னல் சகஜம்.

(அப்டேட் 2: பெட்ரோல் பத்திக் கேட்டவங்களுக்கு: வேலிக்குள்ள பங்க் கிடையாது. எல் போர்டல், கிரேன் ஃப்ளாட், வவோனா, இதுல உங்க வழில எது வருதோ அங்க நிரப்பிக்கோங்க. ஷவர் கேம்ப்கிரவுண்ட்ல இல்ல, கர்ரி வில்லேஜ்ல காசு கட்டிக் குளிக்கலாம், சாயங்காலம் கியூ நிக்கும், மத்தியானமா போங்க.)