பெற்றோர் வகுப்பு நடத்தத் தொண்டர்களைப் பயிற்றுவிப்பது எப்படி? வன்னிப் பங்குகளுக்கும் பாடசாலைகளுக்கும் ஒரு செய்முறை

பெற்றோருக்கான வகுப்பு என்றதும் பல கத்தோலிக்கப் பங்குகளில் (ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பிலுள்ள கோயில் சமூகங்களில்) நடப்பது ஒன்றுதான். வெளியூரிலிருந்து ஒரு வளவாளரை அழைத்து, இரண்டு மணிநேரம் பேசவைத்து, தேநீர் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். பேச்சு நன்றாகவே இருக்கும். ஆனால் மறுநாள் காலை பிள்ளை பாடசாலைக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும்போது அந்த வளவாளர் பக்கத்தில் இருக்கமாட்டார். அதே ஒழுங்கையில் குடியிருக்கும் ஒருவர் இருப்பார். அவரைத்தான் நாம் பயிற்றுவிக்க வேண்டும்.

கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பிள்ளைகளுக்கு முதலும் முதன்மையுமான கல்வியாளர்கள் பெற்றோரே என்கிறது. இதை நான் அப்படியே நம்புகிறேன். அப்படியானால் தொண்டரின் வேலை பெற்றோருக்குப் பாடம் எடுப்பதன்று, அவர்களைப் பேசவைத்துக் கேட்பது. கீழே உள்ள படிகள் எல்லாம் இதற்காகத்தான்.

படி 1: அனுமதியும் காலமும்

முதலில் பங்குத்தந்தையிடம் பேசுங்கள். பின்னர் மறைமாவட்டத்தில் (ஆயரின் பொறுப்பிலுள்ள திருச்சபைப் பிரிவில்) குடும்பப் பணிக்குப் பொறுப்பானவரிடம் பேசுங்கள். வன்னி இரண்டு மறைமாவட்டங்களில் அடங்குகிறது: மன்னார், வவுனியா மாவட்டங்கள் மன்னார் மறைமாவட்டத்திலும், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் யாழ்ப்பாண மறைமாவட்டத்திலும் உள்ளன. பெயரில் 'றோமன் கத்தோலிக்க' என்று இருந்தாலும் நமது பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசுப் பாடசாலைகளே. அங்கே வகுப்பு நடத்த அதிபரின் இசைவும், அவர் வழியாக வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதியும் தேவை. சைவப் பிள்ளைகளின் பெற்றோரும் அங்கே வருவார்கள். தொடக்கச் செபத்தை எல்லோரும் மனம் ஒன்றி நிற்கக்கூடியதாகச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

காலபோக அறுவடை நேரத்தில் வயல் ஊர்களில் யாரும் வரமாட்டார்கள். ஆவணியில் வரும் மடு மாதா திருவிழாவை ஒட்டிய வாரங்களும் சரிவராது. உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்) முடிந்த பிறகு தொடங்குவது நல்லது.

படி 2: ஆட்களைத் தெரிவு செய்தல்

ஒவ்வொரு வகுப்புக்கும் இருவர் வேண்டும். இயன்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். நன்றாகப் பேசுகிறவர்களைத் தேடிப் போகாதீர்கள். அன்பியக் கூட்டத்தில் (அயல் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் கூட்டத்தில்) மற்றவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருப்பவர் யார் என்று கவனியுங்கள். ஆசிரியர்கள் மட்டுமே இருந்தால் வகுப்பு பாடசாலை போலாகிவிடும். கடற்றொழில் செய்யும் ஒரு தந்தையும் தனியே குடும்பம் நடத்தும் ஒரு தாயும் குழுவில் இருக்கட்டும். ஊரில் கடன் வசூலிப்பவரைச் சேர்க்க வேண்டாம். அவர் முன்னால் ஒருவரும் வீட்டுக் கதையைத் திறக்கமாட்டார்கள்.

பிள்ளைகளைப் பற்றிய பணி என்பதால் கிராம அலுவலரின் நற்சான்றையும், கையொப்பமிட்ட நடத்தை உறுதிமொழியையும் எல்லோரிடமும் பெறுங்கள். பங்குத்தந்தைக்கு நன்கு தெரிந்தவர் என்பதற்காக எவருக்கும் விலக்கு வேண்டாம்.

படி 3: மூன்று நாள் பயிற்சி

முதல் நாள் தொண்டர்கள் தாங்களே பெற்றோராக அமர்ந்து வகுப்பை முழுமையாக அனுபவிக்கட்டும். தன் பிள்ளையிடம் கோபப்பட்ட நாளைச் சொல்லத் தயங்குகிறவருக்கு, மற்றவரிடம் அதைக் கேட்கும் பக்குவம் வராது.

இரண்டாம் நாள், முதலில் செவிகொடுத்துக் கேட்கும் பயிற்சி. மும்மூன்று பேராக இருத்துங்கள். ஒருவர் தன் பிள்ளையைப் பற்றிய ஒரு கவலையை நான்கு நிமிடம் சொல்வார். இரண்டாமவர் கேட்பார். மூன்றாமவர் கவனித்துக் குறிப்பெடுப்பார். கேட்பவர் அறிவுரை சொல்லக்கூடாது. 'எனக்கும் இப்படித்தான்' என்று தன் கதைக்குத் தாவவும் கூடாது. பெரும்பாலானவர்கள் ஒரு நிமிடம்கூடத் தாங்கமாட்டார்கள். வாய் தானாகத் திறந்துவிடும். இடம் மாறி இடம் மாறித் திரும்பவும் செய்யவையுங்கள். தாளில் அச்சடித்த குறிப்புகளைக் குறைத்தாலும் இந்தப் பயிற்சியைக் குறைக்காதீர்கள்.

அடுத்து, கேள்வி கேட்கப் பழக்குங்கள். 'பிள்ளைகளோடு நேரம் செலவிடுகிறீர்களா?' என்று கேட்டால் 'ஓம்' என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். 'உங்கள் பிள்ளை கடைசியாகத் தானாக வந்து உங்களிடம் சொன்ன விடயம் என்ன?' என்று கேட்டால் அறை அமைதியாகும், பிறகு ஒருவர் பேசத் தொடங்குவார். அந்த அமைதியைக் கலைக்காமல் இருக்கவும் பழக்க வேண்டும்.

அறிமுகத்தில் எல்லோரும் வழக்கமாகக் கேட்கும் ஒரு கேள்வியை இங்கே தவிர்க்கச் சொல்லுங்கள்: 'உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?' 2009இல் போர் முடிந்த பின் வன்னியில் இதற்கு எளிதில் விடை சொல்ல முடியாத தாய்மார் இருக்கிறார்கள். இறந்த பிள்ளையைச் சேர்த்துச் சொல்வதா, காணாமல் ஆக்கப்பட்ட மகனை எந்தக் கணக்கில் வைப்பது என்று அந்தத் தாய் எல்லோர் முன்னிலையிலும் தடுமாறக்கூடாது. 'இப்போது வீட்டில் யாரை வளர்க்கிறீர்கள்?' என்று கேளுங்கள். தாய் வெளிநாட்டில் வேலை செய்ய, பேரப்பிள்ளையை வளர்க்கும் அம்மம்மாவும் இந்தக் கேள்விக்குள் வந்துவிடுவார். அழைப்புக் கடிதத்திலும் 'தாய் தந்தை இருவரும்' என்று எழுதாமல் 'பிள்ளைகளை வளர்ப்போர்' என்று எழுதுங்கள்.

மூன்றாம் நாள் கடினமான தருணங்களை நடித்துப் பழகுவதற்கு. ஒருவர் எழுந்து, 'அடியாத மாடு படியாது, நாங்கள் அடி வாங்கித்தான் வளர்ந்தோம்' என்கிறார். தொண்டர் அவரோடு வாதாடக்கூடாது. 'அடி விழுந்த அன்று உங்கள் மனதில் என்ன ஓடியது?' என்று கேட்கட்டும். விடை அவரிடமிருந்தே வரட்டும். அடி வேண்டாம் என்பதில் நமக்கு ஐயமில்லை, அதைத் தொண்டர் மறைக்கவும் வேண்டாம். ஆனால் அவமானப்பட்டுத் திரும்பும் தந்தை அடுத்த வகுப்புக்கு வரமாட்டார். அவர் வராவிட்டால் அந்தப் பிள்ளைக்கு யார் உதவுவார்கள்?

இன்னொரு தருணம்: ஒரு தாய் வீட்டில் நடக்கும் வன்முறையைச் சொல்லி அழுகிறார். ஒரு தொண்டர் அவரோடு வெளியே சென்று அமர, மற்றவர் வகுப்பைத் தொடர்வதற்குத்தான் இருவர் வேண்டும் என்றேன். கடந்த கால இழப்புகளைத் தோண்டி எடுக்க முயலக்கூடாது. தொண்டர் உளவள ஆலோசகர் அல்லர்.

படி 4: இரகசியமும் அதன் எல்லையும்

சிறிய ஊரில் ஒரு சொல் கிணற்றடிக்குப் போக ஒரு மாலை போதும். வகுப்பில் கேட்டதை வெளியே பேசுவதில்லை என்று முதல் நாளே எல்லோரும் உடன்பட வேண்டும். ஆனால் ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் அதை மறைக்கமாட்டோம் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும்.

அப்படி ஒன்று தெரியவந்தால் தொண்டர் தானே விசாரணை நடத்தவோ, குடும்பத்துக்குள் சமரசம் பேசவோ கூடாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு, அல்லது பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கு அறிவிக்க வேண்டும். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, மனநல உதவிக்கு 1926. மூன்று இலக்கங்களையும் பெரிதாக எழுதி மண்டபச் சுவரில் ஒட்டுங்கள். குற்றம் செய்ததாகச் சொல்லப்படுபவர் கோயில் பணியில் இருப்பவரானாலும் நடைமுறை இதுவே. இதில் தளர்வு காட்டும் பங்கில் பெற்றோர் வகுப்பைத் தொடங்காமல் இருப்பதே மேல்.

படி 5: முதல் வகுப்பு

ஒரு வகுப்புக்கு ஒன்றரை மணிநேரம், ஒரே ஒரு தலைப்பு. பன்னிரண்டு பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். வட்டமாக இருக்கை, சிறு நடிப்பு, இருவர் இருவராகப் பேச்சு, பிறகு பொதுப் பேச்சு, கடைசியில் வீட்டில் செய்து பார்க்க ஒரு சிறு வேலை. இரவுச் சாப்பாட்டின்போது வீட்டிலுள்ள எல்லோரின் கைபேசியையும் ஒதுக்கி வைப்பது போன்றது போதும். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இளைஞர் ஒன்றியத்தில் இருவரைக் கேளுங்கள். கடைசி பஸ்ஸுக்கு முன் முடித்துவிடுங்கள். தந்தையர் வரவில்லையென்றால் அவர்களைக் குறை சொல்லாமல் கடற்கரை வாடிக்கே போய் வகுப்பை வையுங்கள்.

பயிற்சி கொடுத்தவர் முதல் வகுப்பில் பின்னால் அமர்ந்து பார்க்க வேண்டும், குறுக்கிடக்கூடாது. முடிந்ததும் தொண்டர்களிடம் இரண்டு கேள்விகள் மட்டும்: யார் பேசவே இல்லை? நீங்கள் எங்கே அதிகம் பேசினீர்கள்?

தொண்டருக்குச் சம்பளம் இல்லை என்றாலும் பஸ் காசையும் தேநீர்ச் செலவையும் பங்கு கொடுக்க வேண்டும். நாட்கூலியை விட்டு வருபவரிடம் அதையும் எதிர்பார்ப்பது நியாயமன்று. மாதம் ஒருமுறை தொண்டர்கள் கூடித் தங்கள் மனப்பாரத்தையும் இறக்கி வைக்கட்டும். வகுப்பில் கலந்துகொண்டவர்களுள் நன்றாகக் கேட்கத் தெரிந்தவர்களை அந்தக் கூட்டத்திலேயே குறித்துவைத்தால், அடுத்த பயிற்சிக்கு அழைக்க வேண்டியவர்களின் பட்டியல் தயாராகிவிடும்.