மார்டினி-ஹென்றி ரைஃபிளுக்குத் தோட்டா தேடுவதும் தயாரிப்பதும்

பிரிட்டிஷ் ராணுவம் 1871இல் ஏற்றுக்கொண்ட மார்டினி-ஹென்றி ரைஃபிளுக்கு உரிய 577/450 தோட்டா (0.577 இன்ச் கூட்டை 0.450 இன்ச் குண்டுக்கு ஏற்ப ஒடுக்கியது), 1888இல் லீ-மெட்ஃபோர்டு ரைஃபிள் வந்தபின் மெல்ல வழக்கொழிந்து, இன்று சாதாரண ஆயுதக் கடைகளில் காணக் கிடைக்காத பொருளாகிவிட்டது. ரைஃபிள்களுக்கோ பஞ்சமில்லை. காட்மாண்டுவின் லகன் சிலேகானா என்ற பழைய அரண்மனையில் தலைமுறைகளாகக் குவிந்து கிடந்த நேபாள அரசின் ஆயுதங்களை 2003இல் அமெரிக்க நிறுவனங்கள் மொத்தமாக வாங்கிக் கப்பலேற்றியதால், ஆயிரக்கணக்கான மார்டினிகள் சேகரிப்போர் கைக்கு வந்து சேர்ந்தன. சுவரில் மாட்டி வைப்பதோடு நிறைவடையாமல் சுட்டுப் பார்க்கவும் விரும்புபவர், பெரும்பாலும் தோட்டாவைத் தாமே உருவாக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். அது முடியாத காரியம் அல்ல. ஆனால் அச்சிட்ட அட்டவணைகளில் உள்ள அளவுகளைவிட, கையிலிருக்கும் ரைஃபிளின் அறை (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடம்) சொல்லும் அளவே செல்லுபடியாகும் என்பதை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

வேலையில் இறங்குமுன் சட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின்படி 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்ட ரைஃபிள் பழம்பொருளாகக் கருதப்படுகிறது. மாநிலச் சட்டங்கள் இதிலிருந்து வேறுபடலாம். பிரிட்டனில் வழக்கொழிந்த தோட்டா வகைகளைச் சேர்ந்த பழந்துப்பாக்கியை அலங்காரப் பொருளாக வைத்துக்கொள்ள உரிமம் தேவையில்லை என்றாலும், அதைச் சுடப்போகிறோம் என்று முடிவு செய்தால் துப்பாக்கிச் சான்றிதழும், கருமருந்து வைத்திருக்கக் காவல்துறை தரும் வெடிபொருள் சான்றிதழும் வேண்டும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். எனவே இங்கே சொல்லப்படுவது, இந்தப் பொழுதுபோக்கைச் சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் வாழ்வோருக்கானது.

அடுத்தது ரைஃபிளின் அடையாளம். மார்டினி உருவம் கொண்டவை எல்லாம் 577/450 அல்ல. அதே உடலில் 303 (0.303 இன்ச்) குழல் பொருத்தப்பட்ட மார்டினி-என்ஃபீல்டுகளும் உண்டு. நேபாளத்தில் கையால் செய்யப்பட்ட கஹேந்திரா ரைஃபிள்களும் பார்வைக்கு மார்டினியை ஒத்திருக்கும். ஆனால் உள்ளமைப்பு வேறு, அறைகளின் அளவும் ஒன்றுக்கொன்று மாறுபடும். கைபர் கணவாய்ப் பகுதியின் பட்டறைகளில் உருவான போலிகளைச் சுடவே கூடாது. அவற்றில் முத்திரை எழுத்துகள் தலைகீழாகவோ பிழையாகவோ இருக்கும். 1901இல் மறைந்த விக்டோரியா அரசியின் முத்திரைக்குக் கீழே 1905 என்று ஆண்டு பொறித்திருந்தால் அதற்கு மேல் சான்று எதுவும் வேண்டியதில்லை. அசல்தான் என்று தெரிந்தாலும், பழந்துப்பாக்கிகளில் தேர்ந்த ஒருவரிடம் கொடுத்து, குழலில் வீக்கமோ ஆழ்ந்த துருக்குழிகளோ உள்ளனவா, பின்கட்டை (அறையின் பின்புறத்தை மூடும் கட்டை) இறுகப் பூட்டுகிறதா, ஊசியின் முனை சரியாக இருக்கிறதா என்று சோதித்த பின்னரே செலவு செய்யத் தொடங்க வேண்டும்.

அளவெடுப்பதற்கு இந்த வேலையில் வேறு எதையும்விட அதிக நேரம் ஒதுக்கலாம். அறையின் அச்சை எடுப்பதற்குச் செரோசேஃப் என்ற கலப்பு உலோகம் கிடைக்கிறது. அது கொதிநீரின் வெப்பத்துக்கும் குறைவான சூட்டிலேயே உருகிவிடும். பின்கட்டையைக் கழற்றி எடுத்துவிட்டு, அறைக்குச் சற்று முன்னால் குழலில் துணியை அடைத்து, ரைஃபிளைக் குழல்முனை கீழாக நிறுத்தி, உருகிய உலோகத்தை அறையின் வாய்வரை மட்டும் ஊற்ற வேண்டும். வழிந்து உடலுக்குள் இறங்கிவிட்டால் அச்சை வெளியே எடுப்பது பெரும்பாடு. இறுகியதும் அது சற்றுச் சுருங்குவதால் எளிதில் வெளியே வந்துவிடும். ஆனால் வெளியே எடுத்த உடனே அளக்கக் கூடாது. இந்த உலோகம் பிறகு மெல்ல விரிந்து, ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து அறையின் உண்மையான அளவை அடைகிறது. நாள்கணக்கில் விட்டுவிட்டால் அதையும் தாண்டிவிடும்.

குழலின் அளவைக் காண, எண்ணெய் தடவிய குழலுக்குள் மென்மையான ஈயக்கட்டி ஒன்றைத் தட்டிச் செலுத்தி மறுமுனையில் எடுத்து அளக்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. எடின்பரோவின் அலெக்சாண்டர் ஹென்றி வகுத்த இந்தக் குழலின் உட்புறத்தில் ஏழு புரிகள், அதாவது சுருள் பள்ளங்கள். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருப்பதால் ஒரு பள்ளத்துக்கு நேர் எதிரே இன்னொரு பள்ளம் வராது, சாதாரண மைக்ரோமீட்டரின் இரு தாடைகளுக்கிடையே வைத்தால் உண்மையைவிடக் குறைந்த அளவே கிடைக்கும். ஈயக்கட்டியைச் சுற்றித் தடிமன் தெரிந்த மெல்லிய உலோகத் தகட்டைச் சுருட்டி அளந்து, தகட்டின் தடிமனை இருமுறை கழித்தால் சரியான விட்டம் தெரியும். பெயரில் 450 என்று இருந்தாலும், பள்ளங்களின் அடியில் பல குழல்கள் 0.464 இன்ச்சும் அதற்கு மேலும் காட்டுவது வழக்கம்.

தோட்டா தேடும்போது பழைய ராணுவத் தோட்டாக்கள் கண்ணில் பட்டால் அவற்றைச் சேகரிப்புப் பொருளாகவே வைத்துக்கொள்ள வேண்டும். பித்தளைத் தகட்டைச் சுருட்டி, இரும்பு அடித்தட்டில் பொருத்திய அந்தக் கூடுகள் தம் காலத்திலேயே கிழிந்து அறைக்குள் சிக்கிக்கொண்டன என்று சூடான் போரின்போது புகார்கள் எழுந்தன. நூறாண்டு கடந்த பிறகு அவற்றை நம்புவதற்கு இடமே இல்லை. புதிய கூடு வேண்டுமென்றால் இரண்டு வழிகள் உண்டு. ஆஸ்திரேலியாவின் பெர்ட்ராம் நிறுவனம் இந்த வடிவிலேயே கூடு செய்கிறது. விலை அதிகம், இருப்பும் எப்போதும் இருக்காது. பிரேசிலில் தயாராகும் மேக்டெக் 24 கேஜ் பித்தளை ஷாட்கன் கூட்டை வாங்கி வடிவமைத்துக்கொள்வது மலிவான, பரவலான வழி. விக்டோரியா காலத்து ஸ்னைடர் ரைஃபிளின் 577 கூட்டைக் கழுத்தருகே ஒடுக்கியே இந்தத் தோட்டா பிறந்தது. 24 கேஜ் கூடும் ஏறக்குறைய அதே பருமன் உடையது என்பதால்தான் இந்த வழி கைகொடுக்கிறது.

வடிவமைக்கும்போது அவசரம் காட்டினால் கூடு கிழியும். முதலில் கூட்டின் மேற்பாதியைச் சூடேற்றி இளக்க வேண்டும். அடிப்பகுதி தண்ணீரில் மூழ்குமாறு ஒரு தட்டில் கூடுகளை நிறுத்தி, மங்கலான வெளிச்சத்தில் கேஸ் டார்ச்சின் சுடரைச் சுற்றிச் சுற்றிக் காட்டி, பித்தளையின் நிறம் மாறி மிக மெல்லிய சிவப்பு தோன்றத் தொடங்கியதும் கூட்டைத் தண்ணீரில் சாய்த்துவிட வேண்டும். அடிப்பகுதி இளகவே கூடாது. அழுத்தத்தைத் தாங்குவது அதுதான். பிறகு கெட்டியான மசகைக் கூட்டின் வெளிப்புறத்தில் மெல்லியதாகப் பூசி, படிப்படியாக ஒடுக்கும் டைகளில் (எஃகு அச்சுகளில்) ஒவ்வொன்றாகச் செலுத்த வேண்டும். மசகு அதிகமானால் தோளில் குழிகள் விழும், குறைந்தால் கூடு டைக்குள் சிக்கிக்கொள்ளும். கூட்டை டைக்குள் அழுத்தும் பிரஸ் என்ற கருவியின் கைப்பிடியை ஒரே இழுப்பாக இறக்காமல், சிறிது இறக்கி, பின்வாங்கி, கூட்டைச் சற்றுத் திருப்பி மீண்டும் இறக்கினால் சுருக்கங்கள் பெரும்பாலும் தவிர்க்கப்படும். இந்தத் தோட்டாவுக்கான டைகள் பெரும்பாலும் 1¼ இன்ச் புரி கொண்டவை என்பதால், பிரஸ் வாங்குமுன் அது அந்த அளவை ஏற்குமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஒடுக்கி முடித்த கூட்டை 2.34 இன்ச் நீளத்துக்கு வெட்டி, பிசிறுகளை நீக்கி, ரைஃபிளின் அறையில் இட்டுப் பார்க்க வேண்டும். விரலால் தள்ளியதும் இறுதிவரை இறங்கி, பின்கட்டை தடையின்றி மேலெழ வேண்டும். கழுத்தில் சிறு சுருக்கம் இருந்தால் முதல் சுடுதலில் அது நீங்கிவிடும். வெடிப்பு இருந்தால் அந்தக் கூட்டை வீசிவிட வேண்டியதுதான். மேக்டெக் கூடு பெரிய பிஸ்டல் பிரைமரை (ஊசி தட்டியதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியை) ஏற்கும்.

குண்டை வாங்கலாம், அல்லது வார்த்துக்கொள்ளலாம். ராணுவக் குண்டு 480 கிரெயின், அதாவது ஏறத்தாழ 31 கிராம் எடை கொண்டது. பன்னிரண்டு பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்து வார்த்து, காகிதம் சுற்றப்பட்டது. இன்று பலர் காகிதத்தை விட்டுவிட்டு, பள்ளத்தின் விட்டத்துக்குச் சமமாகவோ ஒரு நூலளவு கூடுதலாகவோ வார்த்து, தேன்மெழுகு கலந்த மசகைப் பூசிக்கொள்கிறார்கள். குழலை அளக்காமல் வாங்கிய 0.458 இன்ச் குண்டுகள் இதில் தடதடத்துக்கொண்டு பறப்பதைத் தவிர வேறு பயன் தருவதில்லை.

மருந்து என்றால் கருமருந்து மட்டுமே. இவ்வளவு பெரிய கூட்டில் புகையில்லா மருந்தைச் சிறிதளவு இட்டுச் சுடும் உத்திகளைச் சிலர் பரிந்துரைப்பது உண்டு. தவறி இருமுறை கொட்டினாலும் கூடு நிறையாததால் கண்ணுக்குத் தெரியாது, ரைஃபிள்தான் அதைத் தெரிவிக்கும். ராணுவ அளவு 85 கிரெயின், ஏறத்தாழ 5.5 கிராம். இன்றைய கூட்டில் அதற்கு மேலும் இடம் எஞ்சும். கருமருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் விட்டால் குழல் வீங்கக்கூடும் என்பதால் அந்த இடத்தை நிரப்பியே ஆக வேண்டும். பழைய தோட்டாவில் மருந்தின் மேல் பஞ்சும், அட்டை வில்லைகளும், தேன்மெழுகுத் தக்கையும் இருந்தன. அந்த அடுக்கு இன்றும் பொருந்தும், மெழுகு குழலில் படியும் கரியை இளக்கவும் உதவும். தொடக்கத்தில் 85 கிரெயினுக்குக் குறைவாகவே இட்டு, நிரப்பியைக் கூட்டிக்கொள்வது அறிவுடைமை. மருந்தை நீண்ட பித்தளைக் குழாய் வழியாக மெல்ல ஊற்றினால் நெருக்கமாக அமரும். அதை வேறு புட்டிக்கு மாற்றிவைப்பதும், வேலைமேசையில் ஒரே நேரத்தில் இரண்டு வகை மருந்து வைத்திருப்பதும் கூடாது.

முதல் சில தோட்டாக்களை, ரைஃபிளைச் சுடுதளத்தில் பழைய டயர்களில் கட்டிவைத்து, நீண்ட கயிற்றால் விசையை இழுத்துச் சுட வேண்டும். வெளிவரும் கூடு அறையின் வடிவத்தை அப்படியே ஏற்றிருக்கும். அடித்தட்டுக்கு மேலே பளபளப்பான வளையக் கோடு தெரிந்தாலோ, பிரைமர் பின்னுக்குத் தள்ளியிருந்தாலோ, சுடுவதை நிறுத்திவிட்டு ரைஃபிளை மீண்டும் சோதிக்கக் கொடுக்க வேண்டும். நன்றாக வந்த கூடுகளை அடுத்த முறை முழுவதும் ஒடுக்க வேண்டாம். கழுத்தின் வாயில் குண்டு பிடித்து நிற்கும் அளவுக்கு ஒடுக்கினால் போதும், கூட்டின் ஆயுள் கூடும். ஆனால் அப்படி ஒடுக்கிய கூடுகள் இன்னொரு மார்டினியின் அறையில் இறங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. எனவே பெட்டியின் மேல் ரைஃபிளின் வரிசை எண்ணை எழுதி வைக்க வேண்டும். கருமருந்தின் கரி ஈரத்தை இழுத்துப் பித்தளையையும் குழலையும் அரிக்கும் என்பதால், கூடுகளைச் சுடுதளத்திலேயே சோப்பு கலந்த தண்ணீரில் போட்டுவிட்டு, வீடு திரும்பிய அன்றே குழலை வெந்நீரால் கழுவித் துடைத்து எண்ணெய் பூச வேண்டும்.