பத்து நூல் சொன்னால் பத்துச் சான்றாகுமா?

இலக்கிய ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்கள் துணைநூற்பட்டியலை நீட்டப் பாடுபடுகிறார்கள். அந்த நூல்கள் யாருடைய நூலைப் பார்த்து எழுதப்பட்டவை என்று பெரும்பாலும் கேட்பதில்லை. என் பார்வையில் பெரிய தவறு இதுதான்.

சிலப்பதிகாரத்தின் காலத்தையே எடுத்துக்கொள்வோம். 'கி.பி. 2ஆம் நூற்றாண்டு' என்று சொல்லும் நூல்களுக்குத் தமிழ்த்துறை நூலகங்களில் பஞ்சமில்லை. ஆறேழை அடிக்குறிப்பில் அடுக்கினால் முடிவு உறுதியானதுபோல் தோன்றும். ஆனால் ஒவ்வொன்றின் அடிக்குறிப்பையும் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போய்ப் பாருங்கள், பல நூல்கள் ஒரே இடத்தில் வந்து நிற்கும். காப்பியத்தின் கடைசிப் பகுதியான வரந்தரு காதையில், சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த விழாவுக்கு 'கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்தன்' வருகிறான். இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சத்திலும் ஒரு கஜபாகு உண்டு, அவன் 2ஆம் நூற்றாண்டு. ஆகவே செங்குட்டுவனும் அக்காலத்தவன். கனகசபைப் பிள்ளை 1904இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் இந்த வாதத்தைப் பயன்படுத்தியது. பின்வந்தவர்கள் பலர் அதையே வழிமொழிந்தார்கள். ஆறு பெயர் காட்டினாலும் அங்கே சான்று ஒன்றுதான்.

அந்த ஒன்றை மறுத்தவர்களைத் தேடாமல் விடுவது அடுத்த தவறு. தமிழறிஞர் வையாபுரிப்பிள்ளை, காப்பியம் 2ஆம் நூற்றாண்டுக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது என்றார். இலங்கை மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1970இல் எழுதிய கட்டுரையில், கஜபாகு கதையைத் தொன்மமாகப் பார்க்க வேண்டும், வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது என்று வாதிட்டார். கஜபாகு சேரர் தலைநகர் வஞ்சிக்கு வந்ததாக மகாவம்சம் சொல்லவும் இல்லை. இவர்களை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றில்லை, பதில் சொல்லியாக வேண்டும். அதிலும் வையாபுரிப்பிள்ளையை அவரை மறுத்தவர்களின் நூலில் வரும் இரண்டு வரி மேற்கோளை வைத்து மட்டும் படித்துவிட்டு எடைபோடுவது அநியாயம். மூலநூலை எடுத்து, அந்த இரண்டு வரிக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

மறுபதிப்பு ஆண்டும் ஆளைக் கவிழ்க்கும். 'வையாபுரிப்பிள்ளை (2010) கூறுகிறார்' என்று எழுதினால், ஒபேசேகரவைப் படித்த பிறகு அவர் பேசியதுபோல் ஆகிவிடும். அவர் மறைந்தது 1956இல். முதற்பதிப்பு ஆண்டைத் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்திலும் முன்னுரையிலும் தேடிக் குறியுங்கள்.

இணையத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு 'ஒன்றும் இல்லை' என்று மூடிவிடுகிறார்கள். கயவாகு, கஜபாகு இரண்டையும் போட்டுப் பாருங்கள். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஆங்கில எழுத்தில் தேடும்போது சிலப்பதிகாரத்தை 'எஸ்'ஸில் (S) தொடங்கியும் 'சி'யில் (C) தொடங்கியும் தேட வேண்டும், வெளிநாட்டு ஆய்வாளர்கள் பலர் 'சி'யில்தான் எழுதுகிறார்கள். ஈழத்துக் கண்ணகி வழிபாடு பற்றியென்றால் ஈழத்துத் தமிழ் நூல்களுக்கான 'நூலகம்' இணையதளத்தைப் பார்க்காமல் நிறுத்தாதீர்கள்.

கருத்தரங்கத் தொகுப்பில் ஐ.எஸ்.பி.என். இருப்பதைத் தரச்சான்றாக நம்ப வேண்டாம். அது புத்தகத்தை அடையாளம் காட்டும் எண், உள்ளே இருப்பதை யாரும் சரிபார்த்தார்கள் என்று பொருளில்லை. தேர்வு நோட்ஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஒரு நூலை நம்பலாமா என்று பார்க்க, உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு செய்தியை அதில் தேடிப் பாருங்கள். வரந்தரு காதைக்கு, சிலப்பதிகாரத்தின் பழைய உரையாசிரியர் அடியார்க்குநல்லாரின் உரையை மேற்கோள் காட்டும் நூல் கையில் கிடைத்தால் உஷாராகிவிடுங்கள். அந்தக் காதை இடம்பெறும் வஞ்சிக் காண்டத்துக்கு அவர் உரை கிடைக்கவே இல்லை. பழைய உரையென்று அங்கே நமக்கு இருப்பது, அருஞ்சொற்களுக்குப் பொருள் தரும் அரும்பதவுரை. அப்படிப்பட்ட நூலிலிருந்து வேறு எதை எடுப்பதாக இருந்தாலும், வரிக்கு வரி மூலத்தோடு ஒப்பிட்ட பிறகே எடுங்கள்.