பழைய ஜீப்பில் கோளாறு கண்டுபிடிப்பது எப்படி: ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவை

பழைய மகிந்திரா ஜீப், அதாவது சிஜே வகையோ எண்பதுகளில் வந்த எம்எம்540 வகையோ வைத்திருப்பவர்கள் பட்டறையில் கொட்டும் பணத்தில் பெரும்பகுதி, என்ன கோளாறு என்று தெரியாமலே சாமான் மாற்றுவதில்தான் போகிறது. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா, டீசல் பம்பைக் கழற்று. ஸ்டீயரிங் உதறுகிறதா, டை ராடு எண்டை மாற்று. சத்தம் வருகிறதா, கிரவுன் பினியனை இறக்கு. இப்படிப் போனால் வண்டியும் சரியாகாது, கையில் காசும் இருக்காது. இத்தனைக்கும் கோளாறு கண்டுபிடிக்க இதைவிட எளிமையான வண்டி கிடையாது. மகிந்திரா பம்பாயில் பூட்ட ஆரம்பித்த அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் அடிப்படைதான் இவற்றிலும் இருக்கிறது. சென்சார் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, கண்ணாலும் காதாலும் கையாலும் பார்த்தே எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்: சோதித்துப் பார்க்காமல் எதையும் கழற்றக் கூடாது, ஒரு சமயத்தில் ஒரு சாமானுக்கு மேல் மாற்றக் கூடாது. இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்று கடைசி வரை தெரியாது.

வண்டி கைக்கு வந்ததும் முதலில் ஃபோர் வீல், அதாவது நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் சக்தி போவது, உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பாருங்கள். லீவர் இருந்தால் ஃபோர் வீல் இருக்கிறது என்று அர்த்தமில்லை. மைலேஜ் கிடைக்கட்டும், சத்தம் குறையட்டும் என்று முன் சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டையே கழற்றி மூலையில் போட்ட வண்டிகள் நிறைய இருக்கின்றன. ஷாஃப்ட் இருந்தும் உள்ளே ஆக்ஸில் உடைந்து கிடக்கலாம். பார்க்கும் முறை இதுதான். சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்து, ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். டூ வீலில் வைத்து அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் முன் ஷாஃப்ட்டும் கூடவே சுற்ற வேண்டும் (முன் ஹப்பில் ஃப்ரீ வீல், அதாவது சக்கரத்தை ஆக்ஸிலில் இருந்து பிரித்துவிடும் லாக், பூட்டியிருந்தால் அதை லாக் செய்துவிட்டுப் பாருங்கள்). சுற்றவில்லை என்றால் ஆக்ஸிலோ ஹப் ஃபிளாஞ்சோ போயிருக்கிறது. அப்புறம் எஞ்சினை அணைத்தபடியே முதல் கியரும் ஃபோர் வீலும் போடுங்கள், இப்போது அதே சக்கரம் சுற்றவே கூடாது. லேசாக ஆடி நின்றால் நல்லது, தாராளமாகச் சுற்றினால் டிரான்ஸ்ஃபர் கேஸில் (கியர் பாக்ஸுக்குப் பின்னால் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) ஃபோர் வீல் விழவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய சிஜே வகை வண்டிகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் இருக்கிறது. ஒரு பின் சக்கரத்தைத் தூக்கிய நிமிடமே டிஃபரன்ஷியல் (இரண்டு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரத் தொகுதி) வழியாக அந்தப் பிடிமானம் போய்விடும், ஹேண்ட் பிரேக் இழுத்திருந்தாலும் வண்டி உருளும். கட்டை வைக்காமல் பின் சக்கரத்தை ஒருபோதும் தூக்காதீர்கள். ஸ்டாண்ட் வைக்காமல் அடியில் போகாதீர்கள்.

இந்த வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரங்கள் அதிக தூரம் ஓடும், பின் சக்கரங்கள் குறைவாக ஓடும், மண்ணில் என்றால் டயர் கொஞ்சம் வழுக்கி அதைச் சரிக்கட்டிக்கொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க வழியில்லாமல் அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்ட்டிலும் பல்சக்கரத்திலும் ஏறும். ஸ்டீயரிங் கனமாகும், வண்டியை யாரோ பிடித்து இழுப்பது மாதிரி இருக்கும், டூ வீலுக்கு மாற்ற நினைத்தால் லீவர் வராது. லீவரை உதைக்காதீர்கள். சில அடி நேராக ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு விட்டு லீவர் தானாக வரும். நாலு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம் இல்லையென்றால் நேரான பாதையிலும் இதே தொல்லைதான், அதனால் முன்னால் புது டயரும் பின்னால் வழுக்கை டயரும் போட்டுவிட்டு ஃபோர் வீல் போடாதீர்கள். லோ (வேகம் குறைந்து இழுவை கூடும் நிலை) விழவில்லை என்று பட்டறைக்கு வருபவர்களும் உண்டு. ஸ்பைசர் 18 என்ற மாடல் டிரான்ஸ்ஃபர் கேஸில் முன் சக்கரம் சேராமல் லோ விழாதபடி உள்ளேயே தடுப்பு இருக்கிறது, முதலில் ஃபோர் வீல், அப்புறம் லோ.

இனி ஆயில். கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஹவுசிங், பின் ஹவுசிங் (ஆக்ஸிலும் டிஃபரன்ஷியலும் இருக்கும் கூடுகள்) என்று நான்கு இடம். எதிலும் வடிக்கும் போல்ட்டைத் திறப்பதற்கு முன்னால் ஊற்றும் போல்ட்டைத் திறந்து பாருங்கள். ஆயிலை வடித்த பிறகு மேல் போல்ட் துருப்பிடித்து வரவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்கும். ஹவுசிங்குகளுக்கு ஜிஎல்-5 தர கியர் ஆயில். கியர் பாக்ஸில் பித்தளை சின்க்ரோ ரிங் (கியர் உரசாமல் விழ உதவும் வளையம்) இருப்பதால் அதற்கு ஜிஎல்-4. எல்லாவற்றுக்கும் ஒரே டப்பா போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஆறு, ஓடை இறங்கி ஏறியிருந்தால் அடுத்த நாள் காலையில், வண்டியை நகர்த்துவதற்கு முன்னால், ஹவுசிங்கின் வடி போல்ட்டை லேசாகத் தளர்த்திப் பாருங்கள். தண்ணீர் ஆயிலுக்குக் கீழே தங்கும் என்பதால் உள்ளே புகுந்திருந்தால் முதல் சொட்டுகள் தண்ணீராகவே வரும். ஓட்டிவிட்டுப் பார்த்தால் எல்லாம் கலந்து பால் விட்ட காபி நிறத்தில் இருக்கும். எப்படி வந்தாலும் மொத்த ஆயிலையும் மாற்ற வேண்டும். ஓடிச் சூடான ஹவுசிங் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. அதைத் தடுக்கத்தான் ஹவுசிங்கின் மேல் பிரீத்தர் என்ற சின்ன மூச்சுக் குழாய் இருக்கிறது. அது மண்ணடைத்துக் கிடந்தால் வேறு ஒரு கோளாறும் வரும்: உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சக்கரப் பக்கத்து சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து பிரேக் லைனரை நனைக்கும். சீல் மாற்றுவார்கள், மறுபடி கசியும், மறுபடி மாற்றுவார்கள். பிரீத்தரைக் கழற்றி டீசலில் கழுவி ஊதிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. முடிந்தால் அதில் ஒரு ரப்பர் டியூப் மாட்டி உயரமான இடத்துக்குக் கொண்டுபோய்க் கட்டுங்கள்.

சத்தத்தைப் பிரித்துக் கேட்கப் பழகுங்கள். ஸ்பைசர் 18ல் ஹை-யில் (லோ போடாத சாதாரண நிலையில்) போனாலும் சக்தி பல்சக்கரங்கள் வழியாகத்தான் பின்னால் போகிறது, அதனால் கொஞ்சம் ஊளைச் சத்தம் இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம். புதிதாக வந்த சத்தம்தான் விஷயம். கீழ் கியர்களில் சத்தம் வந்து டாப் கியரில் அடங்கினால் கியர் பாக்ஸ். எல்லா கியரிலும் வண்டி வேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்கினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் அல்லது ஹவுசிங். ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது ஒரு மாதிரியும் விடும்போது வேறு மாதிரியும் ஊளையிட்டால் கிரவுன் பினியன் (ஹவுசிங் உள்ளே ஷாஃப்ட்டின் சுற்றலைச் சக்கரங்களுக்குத் திருப்பும் பல்சக்கர ஜோடி) பக்கம் போங்கள். முன்னே போகும் கியரில் இருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது ‘டங்’ என்று அடித்தால் ஷாஃப்ட்டின் கிராஸ் ஜாயிண்ட். அதைக் கழற்றிப் பூட்டும்போது ஷாஃப்ட்டின் இரண்டு முனை ஃபோர்க்குகளும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும், ஒரு பல் மாறிப் பூட்டினாலும் வண்டி நடுங்கும். கழற்றும் முன் பெயிண்டில் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

இறக்கத்தில் டிரான்ஸ்ஃபர் லீவர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது என்றால் உடனே பாக்ஸை இறக்கச் சொல்வார்கள். முதலில் எஞ்சின் மவுண்ட் ரப்பர் உட்கார்ந்து, லீவர் தரை ஓட்டையின் விளிம்பில் இடிக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, ஷிஃப்ட் ராடைப் பிடிக்கும் குண்டும் ஸ்பிரிங்கும். இரண்டும் சரியாக இருந்தால் மட்டுமே உள்ளே தேய்மானம் என்று யோசியுங்கள்.

டீசல் வண்டி ஸ்டார்ட் ஆகாததற்கு நான் முதலில் சந்தேகப்படுவது காற்றைத்தான். காலையில் ஸ்டார்ட் ஆகி, சில நொடி ஓடி, நின்றுவிடும். அல்லது மேட்டில் மூக்கைத் தூக்கி நிறுத்தினால் மட்டும் தகராறு செய்யும். இப்படி இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது. இன்ஜெக்‌ஷன் பம்பைத் தொடாதீர்கள். ஒரு கேனில் சுத்தமான டீசல் ஊற்றி, பானெட் அளவு உயரத்தில் வைத்து, அதிலிருந்து நேராக ஃபீட் பம்புக்கு (டேங்கில் இருந்து டீசலை இழுக்கும் சின்ன பம்ப்) டியூப் கொடுங்கள். இப்போது ஒழுங்காக ஓடினால் குறை டேங்க் பக்கம், அதாவது உறிஞ்சு குழாய், வெடித்த ரப்பர் ஹோஸ், தளர்ந்த கிளிப். அப்போதும் நின்றால் ஃபீட் பம்ப், ஃபில்டர் பக்கம், அங்கே பெரும்பாலும் நசுங்கிப்போன செம்பு வாஷர். பத்து ரூபாய் வாஷருக்காக பம்ப் சர்வீசுக்கு ஆயிரக்கணக்கில் கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

ஏர் எடுப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஃபில்டர் தலையில் இருக்கும் ஸ்குரூவை அரைச் சுற்று தளர்த்தி, ஹேண்ட் பம்பை அடியுங்கள். முதலில் நுரை வரும், அப்புறம் குமிழி, அப்புறம் கண்ணாடி மாதிரி டீசல். பம்பை அடித்துக்கொண்டே ஸ்குரூவை இறுக்குங்கள், அடிப்பதை நிறுத்திவிட்டு இறுக்கினால் மறுபடி காற்று போகும். இன்ஜெக்‌ஷன் பம்பில் இருக்கும் ஸ்குரூவிலும் அதையே செய்யுங்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் இரண்டு இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்தி செல்ஃப் அடித்து, டீசல் துள்ளி வந்ததும் இறுக்குங்கள். அந்த நேரத்தில் விரலை அங்கே வைக்காதீர்கள், அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், அப்படி ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எம்எம்540-ல் வந்த பெஜோ 2112 சிசி எக்ஸ்டிபி எஞ்சினுக்கு குளிரில் ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் செய்யும் முன் எஞ்சின் அறையைச் சூடாக்கும் பிளக்) அவசியம். ஊட்டியிலோ வால்பாறையிலோ காலையில் வெள்ளைப் புகை கக்கி, பல முறை செல்ஃப் அடித்த பிறகு பிடித்தால் ஹீட்டர் பிளக்குகளைத் தனித்தனியாகக் கழற்றி மல்ட்டிமீட்டரில் பாருங்கள், ஒன்றோ இரண்டோ அறுந்திருக்கும். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் பேட்டரியை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள். எஞ்சினுக்கும் சேசிக்கும் நடுவே உள்ள பட்டை ஒயர் துருப்பிடித்தாலோ, எஞ்சின் வேலை செய்தபோது மாட்ட மறந்தாலோ, செல்ஃப் கரண்ட் ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்பும், கேபிள் தொட்டால் சுடும். சோதிக்க மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் கம்பத்திலும் மறுமுனையை எஞ்சின் உடம்பிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

சூடு ஏறும் பிரச்சினைக்கு ரேடியேட்டர் இடுக்கில் சேறு, மூடியின் ரப்பர், தளர்ந்த ஃபேன் பெல்ட், இந்த மூன்றையும் இந்த வரிசையில் பாருங்கள். சூட்டில் மூடியைத் திறக்காதீர்கள். தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்பார்கள், எடுக்காதீர்கள், மலைக் குளிரில் எஞ்சின் சூடேறாமலே ஓடித் தேயும்.

ஸ்டீயரிங் உதறல் வந்தால் வண்டியை சக்கரத்தில் நிற்க வைத்தபடியே, எஞ்சினை அணைத்து, ஒருவரை ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சிறிதாக ஆட்டச் சொல்லிவிட்டு முன்னால் படுத்துப் பாருங்கள். எங்கே முதல் பாகம் நகர்ந்தும் அடுத்த பாகம் நகரவில்லையோ அங்கேதான் தேய்மானம். விரலை ஜாயிண்ட் மேல் வைத்தால் கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் கையில் தெரியும். டை ராடு எண்டுகள் (சக்கரங்களைத் திருப்பும் கம்பிகளின் முனை ஜாயிண்ட்), சிஜே-யில் பெல் கிராங்க் (ஸ்டீயரிங் அசைவை டை ராடுகளுக்குத் திருப்பிக் கொடுக்கும் கை), ஸ்டீயரிங் பாக்ஸை சேசியில் பிடிக்கும் போல்ட், பிளேட்டின் (ஸ்பிரிங் பட்டைகளின்) ஷேக்கிள் புஷ் என்று வரிசையாகப் போங்கள். பிறகு முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் வீல் பேரிங் அல்லது கிங் பின் (முன் சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சு). ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்கவில்லை என்றால் கிங் பின்.

வீல் பேரிங் நட்டை உளியும் சுத்தியும் வைத்து அடிக்கும் பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. விளிம்பு சிதைந்து, அந்த இரும்புத் தூள் பேரிங்கில் போகும். சிஜே வகைக்கு 2-1/16 அங்குல சாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே அது பிடிக்கும் வரை இறுக்கி, பிறகு ஆறில் ஒரு பங்கு சுற்று தளர்த்தி, லாக் வாஷரின் நாக்கை மடக்கிவிட வேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு ஹப்பைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு என்றால் இறுக்கம் அதிகம்.

பிரேக் ஒரு பக்கம் இழுத்தால் அட்ஜஸ்ட் செய்வதற்கு முன் டிரம்மைக் கழற்றி உள்ளே கியர் ஆயிலா, பிரேக் ஆயிலா என்று முகர்ந்து பாருங்கள். கியர் ஆயில் கந்தக வாடை அடிக்கும், அப்படியென்றால் ஆக்ஸில் சீல். நனைந்த லைனரைக் கழுவிப் போடாதீர்கள், இரண்டு பக்கமும் புது லைனர்தான். பழைய வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை வழி, ஒரு சக்கரத்தில் குழாய் வெடித்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். அதனால் ரப்பர் ஹோஸ் வெடிப்பு விட்டிருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை இறங்குகிறவர் பிரேக்கை நம்பி இறங்கக் கூடாது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள். தார் ரோடு என்பதால் டூ வீலிலேயே இரண்டாவது கியர் போதும். சூரியநெல்லியில் இருந்து கொழுக்குமலை போகிற மாதிரி கல்லும் மண்ணுமான பாதை என்றால் ஃபோர் வீல் லோவில் பிரேக்கைத் தொடாமலே இறங்கலாம்.

வண்டியில் எப்போதும் ஒரு ஃபேன் பெல்ட், டீசல் ஹோஸ் ஒரு மீட்டர், கிளிப்புகள், செம்பு வாஷர்கள், ஒரு ஃபில்டர், ஒரு கிராஸ் ஜாயிண்ட், அரை லிட்டர் பிரேக் ஆயில், சக்கரத்துக்கு வைக்க இரண்டு மரக்கட்டை இருக்கட்டும். கரடுமுரடான பாதையில் போய் வந்த மறுநாள் பிளேட்டின் யு போல்ட் நட்டுகளையும் ஷாஃப்ட் போல்ட்டுகளையும் ஒரு சுற்று இறுக்கிப் பார்த்து, கிரீஸ் நிப்பிள்களில் புது கிரீஸ் வெளியே எட்டிப் பார்க்கும் வரை அடியுங்கள். ஒரு நிப்பிளில் கிரீஸ் ஏறவில்லை என்றால் விட்டுவிடாதீர்கள், நிப்பிளைக் கழற்றிப் புதிது போட்டு அடியுங்கள்.