பனிக்காலத்திலும் பச்சை: ரொறன்ரோவில் முதல் தோட்டம் போடுபவர்களுக்கு

நவம்பர் கடைசியில் மேப்பிள் இலையெல்லாம் கொட்டி முடிந்ததும் ரொறன்ரோவில் ஒரு சாம்பல் நிறம் வந்து குந்திவிடும். ஏப்ரல் வரை எழும்பாது. அத்தனை மாதமும் கண்ணுக்குப் பச்சை வேண்டுமென்றால் செப்டெம்பரிலேயே வேலையைத் தொடங்க வேண்டும்.

படி 1: ஜன்னலில் நில்லுங்கள்

கடைக்குப் போகுமுன் சமையலறை ஜன்னலடியில் நில்லுங்கள். பனிக்காலத்தில் நாம் தோட்டத்தைப் பார்ப்பது அங்கிருந்துதான். தேநீர் ஊற்றும்போது கண் எங்கே போகிறதோ, அங்கே ஒரு செடி. முதல் வருடத்துக்கு அது போதும்.

படி 2: எந்தச் செடி?

என் பதில் பனிக்காலத்திலும் இலை உதிராத வெள்ளை சிடார் மரம். ஒன்ராறியோ மண்ணுக்கே உரியது. பனி கொட்டும் நாளில் குருவிகள் அதற்குள்தான் ஒதுங்கும். நிழலான இடமென்றால் யூ (yew) என்ற இன்னொரு இலை உதிராச் செடி நன்றாக வரும். ஆனால் பழத்தின் சிவப்புச் சதையைத் தவிர இலை, விதை எல்லாமே நஞ்சு. குழந்தையோ நாயோ உள்ள வீட்டுக்கு வேண்டாம். வேலியாக வைக்கும் பொக்ஸ்வூட் (boxwood) புதரையும் இப்போது நான் சொல்ல மாட்டேன். அதைத் தாக்கும் அந்துப்பூச்சி வட அமெரிக்காவில் முதன்முதலாக 2018இல் ரொறன்ரோவில்தான் பிடிபட்டது. அதன் புழுக்கள் செடியை மொட்டையடித்துவிடும்.

படி 3: நடுதல்

குழி, செடியின் வேர்க்கட்டியைப் போல இரண்டு மடங்கு அகலம். ஆழம் அதே அளவு. மேலே மரச்சீவல் மூடாக்கு 5 சென்டிமீட்டருக்குப் பரப்புங்கள். தண்டைத் தொடாமல் சற்று விலகியிருக்கட்டும்.

படி 4: தண்ணீர், தண்ணீர், தண்ணீர்

முதல் வருடம் மேற்குப் பக்கம் இரண்டு சிடார் வைத்தேன். மார்ச்சில் இரண்டும் காற்றுப் பட்ட பக்கம் மட்டும் செம்பட்டையாகிவிட்டன. குளிர் தாங்காமல் செத்துவிட்டன என்றுதான் நினைத்தேன். மறுபக்கம் பச்சையாகவே இருந்தது, அப்போதுதான் விஷயம் பிடிபட்டது: தாகம். பச்சை இலை பனிக்காலத்திலும் நீரை வெளியே விடுகிறது. பெப்ரவரி வெயிலும் காற்றும் அதை உறிஞ்சும். கீழே மண்ணோ கல்லாக உறைந்து கிடக்கும்; வேரால் ஒரு சொட்டும் எடுக்க முடியாது.

ஆகவே மண் உறையும்வரை, மழையில்லாத ஒவ்வொரு வாரமும் தண்ணீர் விடுங்கள். குழாயை மெல்லத் திறந்து அடியில் போட்டுவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். பிறகு விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். விரல் முழுதும் ஈரம் தெரிய வேண்டும். காற்று வரும் பக்கமும், உப்புத் தூவும் தெருப் பக்கமும் நாலு தடி நட்டுச் சாக்குத்துணி கட்டுங்கள். துணி இலையில் படக் கூடாது.

படி 5: பனி விழுந்தால்

ஈரப்பனி கிளையை முறிக்கும். தும்புத்தடியால் கீழிருந்து மேலாக மெல்லத் தட்டுங்கள். கிளையில் ஐஸ் பிடித்திருந்தால் தொடவே வேண்டாம், அது தானாக உருகட்டும்.

தோட்டமே இல்லையா? வாசலில் உள்ள வெறும் சாடி போதும். மண் உறையுமுன் ஸ்புரூஸ், பைன், சிடார் கிளைகளை வெட்டி நெருக்கமாகக் குத்தித் தண்ணீர் விட்டால், மண்ணோடு உறைந்து அப்படியே நிற்கும். வெளிக்குளிரில் மார்ச் வரைகூடப் பச்சையாயிருக்கும்.

அப்புறம், இலை உதிராத பூச்செடியான ரோடோடென்ட்ரன் ஒரேயொன்று வையுங்கள். கடும் குளிரில் அதன் இலை தொங்கி, வெற்றிலைச் சுருள் மாதிரி ஒடுங்கிவிடும். பார்த்துப் பயப்பட வேண்டாம், செடி சாகவில்லை. குளிர் கூடக் கூடச் சுருள் இறுகும், குறைந்தால் விரியும். காலையில் அதைப் பார்த்துத்தான் எங்கள் வீட்டில் எந்தக் கோட் போடுவது என்று முடிவு செய்கிறோம்.