உப்புல அயோடின் எவ்ளோ இருக்குன்னு பாக்குறது எப்படி
பாக்கெட் உப்புல அயோடின் பொட்டாசியம் அயோடேட்டாதான் சேர்க்குறாங்க, ஏன்னா அயோடைடு மாதிரி ஈரத்துல சீக்கிரம் போயிடாது. அயோடேட் நல்ல ஆக்சிடைசிங் ஏஜென்ட், அதாவது மத்த பொருள்கிட்ட இருந்து எலக்ட்ரானை எடுத்துக்கும், அந்த குணத்தை வச்சே அளந்துடலாம். லேப்ல பண்ணுங்க, கண்ணுக்கு பாதுகாப்பு கண்ணாடி, கைக்கு கிளவுஸ் கட்டாயம்.

10 கிராம் உப்பை 50 மில்லி டிஸ்டில்டு வாட்டர்ல கரைச்சு, 1 மில்லி 2 நார்மல் (ஆசிட் எவ்ளோ அடர்த்தின்னு சொல்ற அளவு) சல்ஃப்யூரிக் ஆசிட், அப்புறம் 5 மில்லி 10% பொட்டாசியம் அயோடைடு ஊத்துனா அயோடேட் அயோடைடை ஆக்சிடைஸ் பண்ணி அயோடின் வெளிய வரும், மஞ்சளாகும். மூடி 10 நிமிஷம் இருட்டுல வைங்க.

இப்போ ப்யூரெட்ல (அளவு கோடு போட்ட, கீழ குழாய் வச்ச கண்ணாடிக் குழல்) 0.005 மோலார் (இதுவும் அடர்த்தி அளவுதான்) சோடியம் தயோசல்ஃபேட் கரைசல் எடுத்து, அது வெளிய வந்த அயோடினோட சேர்ந்து நிறத்தை போக்கும், சொட்டுசொட்டா விடுங்க. மஞ்சள் நல்லா வெளுத்தப்புறம்தான் ஸ்டார்ச் கரைசல் ஊத்தணும், மிச்ச அயோடினோட சேர்ந்து கருநீலமாகும், இங்கதான் நிறைய பேர் அவசரப்படுறாங்க, முன்னாடியே ஊத்துனா அயோடின் ஸ்டார்ச்சோட ஒட்டிக்கிட்டு நீலம் லேசுல போகாது, ரீடிங் தப்பாயிடும். தயோசல்ஃபேட்டை தொடர்ந்து விட்டு, கருநீலம் மறையுற அந்த ஒரு சொட்டுல நிறுத்துங்க.

செலவான தயோசல்ஃபேட் மில்லியை 10.58-ஆல பெருக்குங்க, அதான் அயோடின் பிபிஎம், அதாவது ஒரு கிலோ உப்புல எத்தனை மில்லிகிராம்னு. 2 மில்லின்னா கிட்டத்தட்ட 21. நம்ம கைக்கு வர்ற உப்புல 15 பிபிஎம்முக்கு குறையக்கூடாது. சாம்பிளை பாக்கெட்டை நல்லா குலுக்கி கலந்துட்டு எடுங்க, மேலாப்புல அள்ளாதீங்க.