ஒரு நாளைக்கு ஒரு நகம் போதும்

நகவெட்டி இருக்கும் டிராயரைத் திறந்தாலே எங்கள் நாய் மணி கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். முதல் தடவை மூன்று பேர் அமுக்கிப் பிடித்து வெட்டினோம், ஒரு நகத்தில் ரத்தம் வந்துவிட்டது. அப்புறம் காலைத் தொடவே விடவில்லை. தப்பு எங்கள் மேல்தான். முதலிலிருந்து பழக்க ஆறு வாரம் ஆனது. உங்கள் நாயும் இப்படிப் பயந்தால், அவசரப்படாமல் இதைச் செய்து பாருங்கள்.

முதலில் அதன் உடம்பைக் கவனியுங்கள். தூக்கம் இல்லாமல் கொட்டாவி விடுவது, எதுவும் தின்னாமலே உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது எல்லாமே பயம்தான். உடம்பு விறைத்துவிட்டால் உடனே கையை எடுத்துவிடுங்கள். உறுமினால் திட்டவே கூடாது. ‘வேண்டாம், விடு’ என்று அது வெளிப்படையாகச் சொல்லும் வழி அது. அதையும் அடக்கிவிட்டால் சத்தமில்லாமல் கடிக்கப் பழகிவிடும்.

படி 1: உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழியைப் பொடிப்பொடியாகப் பிய்த்து வையுங்கள். தோளைத் தொடுங்கள், ஒரு துண்டு கொடுங்கள். பிறகு முழங்கால், பாதம், ஒரு விரல். வரிசை முக்கியம்: முதலில் தொடுவது, அடுத்துதான் தீனி. மாற்றிச் செய்தால் கோழியைப் பார்த்தாலே ‘ஏதோ நடக்கப்போகிறது’ என்று பயப்படும். தானாக வந்து நின்றால்தான் அடுத்த கட்டம்.

படி 2: நகவெட்டியைத் தரையில் வைத்து மோந்து பார்க்க விடுங்கள். வேகாத ஸ்பகெட்டி ஒன்றைப் பக்கத்தில் வைத்து ‘டக்’ என்று நறுக்குங்கள், உடனே கோழி. மணிக்குப் பயம் அந்தச் சத்தத்தில்தான் இருந்தது.

படி 3: இப்போது ஒரே ஒரு நகம். நுனியில் 1 மில்லிமீட்டர் போதும். வெள்ளை நகத்தில் உள்ளே ஓடும் ரத்தக்குழாய் இளஞ்சிவப்பாகத் தெரியும், கறுப்பு நகத்தில் தெரியாது. அதனால் மெல்லிசாகச் சீவிச் சீவி நகத்தின் வெட்டிய பரப்பைப் பாருங்கள். நடுவில் கருமையாக ஒரு புள்ளி தெரிந்தால் அதோடு நிறுத்திவிட வேண்டும். ரத்தம் வந்துவிட்டால் மக்காச்சோள மாவை (கார்ன்ஃப்ளோர்) வைத்து சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நிற்காவிட்டால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

முன்னங்காலின் உள்பக்கம் மேலே இருக்கும் கட்டைவிரல் நகம் தரையில் தேயாது, வளைந்து சதைக்குள் குத்தும். அதை மறந்துவிடாதீர்கள்.

கடிக்கும் நாய் என்றால், வாய் திறந்து மூச்சுவிட இடம் இருக்கும் கூடை போன்ற வாய்க்கவசத்தை (muzzle) முன்கூட்டியே, அதுவும் தீனி கொடுத்தே பழக்குங்கள். துணியால் வாயைக் கட்டிவைத்தால் மூச்சிரைக்க முடியாமல் சூடேறிவிடும். மீறிக் கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

எத்தனை வாரம் பழக்கியும் நடுங்குகிறதா? வலுக்கட்டாயம் வேண்டாம். முன்னதாகக் கொடுக்கிற பதற்றம் குறைக்கும் மருந்து கால்நடை மருத்துவரிடம் கிடைக்கும். மனிதர் மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். மணி இப்போது முன்னங்காலை அவனே நீட்டுகிறான். பின்னங்காலுக்கு இன்னும் படி 1தான் நடக்கிறது.